பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வயரில்லாப் பாட்டு: எந்தப் பெட்டி யாருக்கு?

வீட்டில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பிராண்டட் ஸ்டீரியோவாக இருக்கலாம். 4440 ஐசி போர்டு வைத்து உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்ததாகவும் இருக்கலாம். ஸ்பீக்கர் இன்னும் நன்றாகவே பாடுகிறது. கேசட்டும் சிடியும் போய், பாட்டெல்லாம் போனுக்குள் குடியேறிவிட்டதுதான் சிக்கல். போனையும் ஆம்ப்பின் ஆக்ஸ் ஓட்டையையும் இணைக்க நடுவில் ஒரு ரிசீவர் தேவை.

கடைக்காரரிடம் கேட்டால் ப்ளூடூத் போர்டை எடுத்து நீட்டுவார். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பரிடம் கேட்டால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கச் சொல்வார். இருவருமே கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பாட்டை எந்த ஆப்பில் கேட்கிறீர்கள்? ஒலித்தரம், விலை, பிட் கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஆப், பிறகு பெட்டி

ப்ளூடூத்தில் சுமை முழுக்கப் போனுடையது. பாட்டை இணையத்திலிருந்து இறக்கி, விரித்து, மறுபடி வேறொரு முறையில் சுருக்கி ரிசீவருக்கு அனுப்புவது அதன் வேலை. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு விக்கும். யாராவது அழைத்தால் நிற்கும். வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் அடிக்கும்.

கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் இரண்டும் வேறு மாதிரி. போன் 'இந்தப் பாட்டு' என்று சொல்வதோடு சரி. ரிசீவரே வைஃபை வழியாக இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ஆப்பிளின் ஏர்பிளே இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வருவது வைஃபையில்தான், ஆனால் பெரும்பாலும் போனே சுமந்து அனுப்புகிறது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் யூட்யூப் மியூசிக் கேட்பவருக்கு வைஃபையில் நேரடி வழி கூகுள் காஸ்ட் மட்டுமே. காஸ்ட் ரிசீவராக இருக்க வேண்டுமானால் பெட்டிக்குள் கூகுள் அங்கீகரித்த டிஜிட்டல் சான்றிதழ் இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை, ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் போர்டு என்று நாமே பற்றவைத்துச் செய்யும் எதற்கும் அது கிடைக்காது. 'பை வாங்கினேன், யூட்யூப் மியூசிக்கில் அது தெரியவே இல்லை' என்ற புலம்பல் அடிக்கடி எழுவது இதனால்தான். பிழை எதுவும் நடக்கவில்லை. அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒன்று காஸ்ட் உள்ள ரெடிமேட் பெட்டி, இல்லையென்றால் ப்ளூடூத்.

ஸ்பாட்டிஃபை பிரீமியம் கட்டியிருந்தால் கதை மாறும். லிப்ரெஸ்பாட் என்ற திறந்த மென்பொருள் பையை ஸ்பாட்டிஃபை கனெக்ட் ரிசீவராக ஆக்கிவிடும். இலவசக் கணக்கில் அது ஓடாது. ஐபோன் வீடு என்றால் ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருள் ஏர்பிளேயைத் தரும். ஐபோனில் எந்த ஆப்பில் கேட்டாலும் ஒலியை அதற்குத் திருப்பலாம். ஹார்டு டிஸ்க்கில் பல வருடம் சேர்த்த எம்பி3, ஃபிளாக் கோப்புகள் இருந்தால் பைதான் முதலிடம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

ப்ளூடூத் போர்டு: மலிவு, ஆனால் உறுத்தும்

சில நூறு ரூபாய்க்கு விரல் நீளப் போர்டு கிடைக்கிறது. 5 வோல்ட், கிரவுண்ட், இடது, வலது, ஒலிக் கிரவுண்ட் என்று ஐந்தே இணைப்பு. அரை மணி நேர வேலை.

தரம் மோசம் என்று பழிப்பது முழு உண்மை இல்லை. ப்ளூடூத்தின் அடிப்படைச் சுருக்கு முறையான எஸ்பிசி, அதன் உயர்ந்த வழக்கமான அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் தருகிறது. 4440 போன்ற ஆம்ப்பில் அதற்கும் ஒயர் இணைப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டையும்தான் பேசும். எல்டாக், ஆப்ட்எக்ஸ் என்ற வேறு சுருக்கு முறைகளை அட்டைப்பெட்டியில் எழுதியதற்கு ஐபோன்காரர் காசு கொடுப்பது வீண். ஆண்ட்ராய்டில் எல்டாக் 8.0 பதிப்பிலிருந்து உண்டு. அதன் மூன்று வேகங்கள் 330, 660, 990 கிலோபிட். போர்டில் எல்டாக் என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடாமல், இணைத்த பிறகு போனின் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் எந்தக் கோடெக் (சுருக்கு முறை) ஓடுகிறது என்று பாருங்கள். அங்கே எஸ்பிசி என்று இருந்தால் எஸ்பிசிதான்.

உண்மையான தொல்லை இரைச்சல். ஆம்ப்புக்குள்ளேயே 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்துப் போர்டுக்குக் கொடுத்ததும், பாட்டு இல்லாத நேரத்தில் 'டிக்... டிக்... கீ...' என்று ஒரு கொசுச் சத்தம் கேட்கும். போர்டு மட்டம் என்று தூக்கிப் போடுவார்கள். போர்டு மேல் தவறில்லை. ரேடியோ விட்டுவிட்டு இயங்கும்போது மின்னோட்டம் துடிக்கிறது. திரும்பிப் போக அதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன: ஒன்று பவர் கிரவுண்ட், இன்னொன்று ஒலி ஒயரின் கிரவுண்ட். ஒலிக் கிரவுண்ட் வழியே போகும் பங்கு அப்படியே ஆம்ப்பில் பெருகிக் கேட்கிறது.

இதற்கு மருந்து பி0505எஸ்-1டபிள்யூ என்ற நான்கு கால் கொண்ட சின்னக் கறுப்புக் கட்டி. 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே. நடுவில் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரு பக்கக் கிரவுண்டும் ஒட்டாது. வெளியே வரும் 5 வோல்ட்டையும் அதன் கிரவுண்டையும் போர்டுக்கு மட்டும் கொடுங்கள், வேறெங்கும் தொட விடாதீர்கள். இப்போது போர்டையும் ஆம்ப்பையும் இணைப்பது ஒலி ஒயரின் கிரவுண்ட் ஒன்றே. பாதை ஒன்றானதும் கொசு அடங்கிவிடும். உள்ளும் வெளியும் ஒவ்வொரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் இன்னும் நல்லது. இந்தக் கட்டி 1 வாட்டுக்குத்தான், அதாவது 200 மில்லிஆம்பியர். ப்ளூடூத் போர்டுக்கு அது தாராளம். வைஃபை உள்ள எதையும் இதில் மாட்டாதீர்கள், தாங்காது.

5 வோல்ட் எடுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் டயோடும் கெபாசிட்டரும் தாண்டி 16 வோல்ட் அளவு வரும். அதில் நேராக 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரைப் போட்டு 100 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு வாட் சொச்சம் வெப்பம். சின்ன ஹீட்சிங்க் போதும். அதே 7805இல் அரை ஆம்பியர் எடுத்தால் ஐந்தரை வாட், கை வைக்க முடியாது. அங்கே எல்எம்2596 போன்ற, அதிக வெப்பமில்லாமல் வோல்ட்டை இறக்கும் பக் கன்வெர்ட்டர்தான் சரி. அதன் திருகை முதலில் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு, பிறகு போர்டை இணையுங்கள். வரிசை மாறினால் போர்டு போயிற்று.

ஆம்ப்பின் இரும்புப் பெட்டிக்குள் போர்டை வைத்து மூடினால் ப்ளூடூத் மூன்றடி கூடத் தாண்டாது. போர்டின் ஒரு ஓரத்தில் பாம்பு மாதிரி நெளிந்த செம்புக் கோடு இருக்கும், அதுதான் ஆன்டெனா. அந்த ஓரம் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அல்லது முன்பக்க பிளாஸ்டிக் பேனலை ஒட்டி இருக்கட்டும்.

இன்னொன்று: இந்தப் போர்டுகளில் பலவற்றில் இணையும்போது கேட்கும் ரகசிய எண் (PIN) கிடையாது. உங்கள் போன் இணையாத நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் இணைந்துகொள்ளலாம். இரவு பதினோரு மணிக்குக் குத்துப்பாட்டு கிளம்பினால் பேயில்லை, அவன்தான். போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒயரில் ஒரு ஸ்விட்ச் போடுவதே நிரந்தரத் தீர்வு.

ரெடிமேட் பெட்டி

சால்டரிங் கையில் எடுக்காதவர்களுக்கு இதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பெட்டியில் காஸ்ட், ஏர்பிளே போன்ற எந்த நெறி இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். லிங்க்ப்ளே நிறுவனத்தின் வீம் மினியில் ஏர்பிளே 2, ஸ்பாட்டிஃபை கனெக்ட் உண்டு. கூகுள் காஸ்ட் இல்லை, லேன் ஓட்டையும் இல்லை. 2022இல் வந்த வீம் புரோவில் இரண்டும் உண்டு. 'எல்லாம் ஒரே வீம்தானே' என்று மினியை வாங்கும் யூட்யூப் மியூசிக்காரர் கடைசியில் ப்ளூடூத்தில்தான் கேட்பார்.

பழைய சந்தையில் குரோம்காஸ்ட் ஆடியோ கிடைத்தால் வாங்கலாமா? 2015இல் வந்து 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்ட வட்டப் பெட்டி அது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், ஒரே ஓட்டையில் அனலாகும் ஆப்டிகலும் வரும். இன்றைக்கும் அதன் ஒலியில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த சான்றிதழ்ச் சங்கிலியில் ஒன்று காலாவதியாக, ஒரே நாளில் உலகம் முழுக்க அவை செத்துப்போயின. கூகுள் சில நாட்களில் அப்டேட் கொடுத்து எழுப்பியது. அதற்குள் பொறுமையிழந்து ஃபேக்டரி ரீசெட் செய்தவர்கள்தான் கூடுதலாக அவதிப்பட்டார்கள். காஸ்ட் நெறியை நாமே செய்ய விடாமல் தடுப்பதும் சான்றிதழ்தான். வாங்கிய பெட்டியை ஒருநாள் ஊமையாக்கியதும் அதே சான்றிதழ்தான்.

ஸ்குவீஸ்பாக்ஸ் இதற்கு நேர் எதிர். ஸ்லிம் டிவைசஸ் தொடங்கி, 2006இல் லாஜிடெக் வாங்கி, 2012இல் கைவிட்ட நெட்வொர்க் பாட்டுப் பெட்டி வரிசை. லாஜிடெக் நடத்திய இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆனால் வீட்டிலேயே ஓடும் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், லிரியான் மியூசிக் சர்வர் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் வளர்கிறது. பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகள் அதனுடன் பாடிக்கொண்டே இருக்கின்றன. அடுத்து வரும் பை, ஈஎஸ்பி32 இரண்டிலும் இந்த அடித்தளம் பயன்படும்.

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ

2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்த குட்டிக் கம்ப்யூட்டர். நான்கு கோர், 512 எம்பி நினைவகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பாட்டுக்கு இது போதும். பை 4, பை 5 எல்லாம் இந்த வேலைக்கு வீண் செலவு, வீண் சூடு. இதில் ஹெட்போன் ஓட்டை இல்லை. அதனால் பிசிஎம்5102ஏ சிப் வைத்த ஊதா நிற டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான அனலாக் ஒலியாக மாற்றும்) போர்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் அது, 2.1 வோல்ட் வெளியீடு, 112 டெசிபெல் சத்தத் தெளிவு. சில நூறு ரூபாய்ப் போர்டுக்கு இது அதிகப்படியான தரம்.

தேவையானவை: பை, டிஏசி போர்டு, 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர், தடித்த குட்டையான மைக்ரோ யூஎஸ்பி கேபிள், ஐந்து துண்டு ஒயர். பையில் பின் வரிசை பற்றவைக்காமல்தான் வரும். ஒயரை நேரடியாகத் துளையிலேயே பற்றவைத்துவிடலாம்.

டிஏசி போர்டின் விஐஎன் பையின் 2ஆம் பின்னுக்கு. அது 5 வோல்ட். ஜிஎன்டி 6ஆம் பின்னுக்கு. பிசிகே 12க்கு, எல்சிகே 35க்கு, டிஐஎன் 40க்கு. மிச்சம் எஸ்சிகே. அது பைக்குப் போகாது. போர்டிலேயே கிரவுண்டோடு சேர வேண்டும். எஸ்சிகே எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் திட்டுகள் இருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைத்தால் முடிந்தது. அதைத் தொங்க விட்டால்தான் 'சில நேரம் பாடுகிறது, சில நேரம் கரகரக்கிறது' என்ற புகார் வரும். எஸ்சிகே கிரவுண்டில் இருந்தால் சிப் தனக்கு வேண்டிய கடிகாரத்தைப் பிசிகேயிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். தொங்கினால் காற்றில் வரும் துடிப்பைக் கடிகாரம் என்று நினைத்துக் குழம்பும்.

போர்டைத் திருப்பினால் பின்பக்கம் 1 முதல் 4 வரை எண் போட்ட நான்கு ஜம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எச், எல் என்று இரண்டு பக்கம். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம். 3 மட்டும் எச் பக்கம். மூன்றாவதுதான் மியூட். சில போர்டுகள் இவை இணைக்கப்படாமலே வருகின்றன. எல்லா ஒயரும் சரி, மென்பொருளும் சரி, ஆனால் சத்தமே இல்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை அந்த மூன்றாவது ஜம்பர்தான்.

ஒயர் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சிடி தரத்தில் பிசிகே ஒயரில் ஓடுவது 2.8 மெகாஹெர்ட்ஸ், நீள ஒயரில் விளிம்பு மழுங்கி, 'டப் டப்' என்று வெடிக்கும்.

மென்பொருளில் இரண்டு நல்ல தேர்வுகள். மூட் ஆடியோவில் ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை கனெக்ட், ப்ளூடூத், சொந்தக் கோப்பு எல்லாமே ஒரே பக்கத்தில் டிக் போடும் வசதியோடு வரும். பைகோர்ப்ளேயர் அவ்வளவு அழகில்லை. அதன் பலம் வேறு: தொடங்கியதும் முழுவதும் நினைவகத்துக்குப் போய்விடும், எஸ்டி கார்டைத் தொடாது. நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும் ஊரில் இது எத்தனை பெரிய விஷயம் என்று ஒருமுறை கார்டு கெட்டவர்களுக்குத் தெரியும். மூட் ஆடியோ கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் கோப்பு அமைப்பு உடையலாம். அது இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு. அம்மா மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போகும் வீட்டுக்குப் பைகோர்ப்ளேயர்.

பைகோர்ப்ளேயரைக் கார்டில் எழுதியதும் கம்ப்யூட்டரில் தெரியும் பூட் பகுதியைத் திறந்து பாருங்கள். வைஃபைக்கான மாதிரிக் கோப்பு ஒன்று இருக்கும். பெயரின் வாலில் உள்ள 'சாம்பிள்' என்ற ஒட்டை நீக்கி, உள்ளே வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நாட்டுக் குறியீடு மூன்றையும் நிரப்புங்கள். கார்டைப் பையில் போட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, ரௌட்டர் பக்கத்தில் அதற்குக் கிடைத்த ஐபி முகவரியைப் பார்த்து பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் ஹைஃபைபெர்ரி டேக் (HiFiBerry DAC) என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டேக் பிளஸ்' வேண்டாம். அது பிசிஎம்5122 சிப்புக்கானது. அந்தச் சிப்போடு டிரைவர் பேசப் பார்க்கும். நம் போர்டில் பேச ஆளில்லை என்பதால் ஒலிக் கருவியே தோன்றாது.

எதை மாற்றினாலும் கடைசியில் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். எல்லாம் நினைவகத்தில் ஓடுவதால், சேமிக்காத மாற்றம் அடுத்த முறை மின்சாரம் வந்ததும் காணாமல் போயிருக்கும். கார்டைத் தொடாத நன்மைக்கு இது விலை.

சொந்தப் பாட்டுக்கு லிரியான் சர்வரை இதே பையிலும் நிறுவலாம். சில ஆயிரம் பாட்டு வரை 512 எம்பி தாங்கும். பென் டிரைவை ஓடிஜி கேபிளில் மாட்டிப் பாட்டுக் கோப்புறையைக் காட்டினால் போதும். கட்டுப்பாட்டுப் பக்கம் 9000ஆம் போர்ட்டில் வரும். பழைய எம்பி3களில் பாட்டுப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்துச் சர்வரைத் திட்டாதீர்கள். பாட்டு விவரத்தைக் கோப்புக்குள்ளேயே வைக்கும் ஐடி3 டேகின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக பத்தே குறிகள், அதிலும் கொம்பும் காலும் தனிக்கணக்கு. இரண்டாம் பதிப்பு டேகாக மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

ஒலியளவைப் பையில் 100இல் நிறுத்திவிட்டு ஆம்ப்பின் வால்யூம் திருகில் கூட்டிக் குறையுங்கள். பிசிஎம்5102ஏவுக்குள் ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. பையில் குறைப்பது கணக்குப் போட்டுக் குறைப்பதுதான். தவறில்லை, ஆனால் ஆம்ப்பின் சொந்த 'ஸ்ஸ்' இரைச்சல் அப்படியே நிற்க, பாட்டு மட்டும் சிறுத்துவிடும்.

விட்டுவிட்டுப் பாடினால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள், பிறகு வைஃபையை. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் பெரிய பைகள் 'வோல்டேஜ் குறைவு' என்று பதிவு செய்யும், ஜீரோ வரிசையில் அந்த வசதி இல்லை. போன் சார்ஜரும் மெலிந்த ஒரு மீட்டர் கேபிளும் சேர்ந்தால் வோல்டேஜ் இப்படி இறங்குவது சாதாரணம். வைஃபை என்றால், ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1, 6, 11இல் ஒன்றாக நிறுத்துங்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூபிஏ2வுக்கு இறக்குங்கள். பீரோவுக்குப் பின்னாலோ இரும்பு ரேக்குக்குள்ளோ பையை ஒளிக்க வேண்டாம்.

பாடுகிறது, ஆனால் போனில் பெயர் தெரியவில்லை என்றால் அது வேறு வியாதி. போனும் பையும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது மல்டிகாஸ்ட் அறிவிப்பு மூலம். ரௌட்டரில் கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து வைக்கும் 'ஏபி ஐசொலேஷன்' இயங்கினாலோ, போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தாலோ அந்த அறிவிப்பு சுவரில் முட்டி நின்றுவிடும்.

ஈஎஸ்பி32

பையை விட மலிவு, ஒரு சில நொடியில் உயிர் பெறும், கார்டே கிடையாது. ஸ்குவீஸ்லைட் ஈஎஸ்பி32 என்ற மென்பொருளை ஏற்றினால் லிரியான் சர்வரோடு, ஏர்பிளே முதல் பதிப்போடு, ப்ளூடூத்தோடும் வேலை செய்யும். ஸ்பாட்டிஃபை கனெக்ட்டும் சர்வரின் தயவில்லாமல் அதற்குள்ளேயே உண்டு. நான்கு அறைக்கு நான்கு ரிசீவர் செய்து, எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பவருக்கு இதுதான் சிக்கனம்.

ஆனால் வாங்கும்போது வழுக்கும் இடங்கள் அதிகம். குறைந்தது 4 எம்பி ஃபிளாஷும் 4 எம்பி பிஎஸ்ரேமும் (கூடுதல் நினைவகம்) வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வ்ரூம் போர்டில் பிஎஸ்ரேம் இல்லை. ரோவர் (WROVER) என்று கேட்டு வாங்குங்கள். 'புதியதுதானே மேல்' என்று ஈஎஸ்பி32-எஸ்3 வாங்கினால் ப்ளூடூத் பாட்டு வராது. எஸ்3யிலும் சி3யிலும் இருப்பது குறைமின் ப்ளூடூத் மட்டும். போன் பாட்டு அனுப்பும் பழைய வகை ப்ளூடூத் அவற்றில் இல்லை. டிஏசி ஒயரை ரோவரின் 16, 17ஆம் கால்களில் மாட்டாதீர்கள், பிஎஸ்ரேம் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. 12ஆம் காலைத் தொட வேண்டாம். தொடங்கும்போது அது மேலே இழுக்கப்பட்டிருந்தால் ஃபிளாஷ் வோல்டேஜ் மாறி போர்டு எழவே எழாது. 34 முதல் 39 வரை உள்ளே வாங்கும் கால்கள் மட்டுமே. 25, 26, 27 பாதுகாப்பான மூன்று.

அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை ரிசீவராக்குவதும் உண்டு. ஹெட்போன் ஓட்டை இருந்தால் ஒரு மாதத்துக்கு நல்ல தீர்வுதான். இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும். உப்பியதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஆம்ப்பில் எங்கே மாட்டுவது

ஆக்ஸ், டேப், சிடி, டியூனர் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஃபோனோவில் மட்டும் வேண்டாம். அது சில மில்லிவோல்ட் தரும் ரெக்கார்டு பிளேயர் ஊசிக்கானது. இரண்டு வோல்ட்டை அங்கே செலுத்தினால் பேஸ் வீங்கி எல்லாம் கிழிந்து கேட்கும்.

பழைய ஆம்ப்பில் ஐந்து துளை வட்ட டின் (DIN) சாக்கெட் இருந்தால், டேப் ஓட்டையில் 3ஆம் துளை இடது, 5ஆம் துளை வலது, 2 கிரவுண்ட். 1, 4 இரண்டும் ரெக்கார்டிங்குக்கு வெளியே போகும் கோடு. அங்கே மாட்டினால் சத்தம் வராது. அந்தக் கால ஆம்ப்புகள் அரை வோல்ட்டுக்கும் குறைவாக எதிர்பார்த்தவை என்பதால் திருகைத் தொட்டதுமே அலறும். ஒவ்வொரு சேனலிலும் 10 கிலோஓம் தொடராகவும், அதற்கு அப்புறம் கிரவுண்டுக்கு 3.3 கிலோஓமும் போட்டால் 2.1 வோல்ட் அரை வோல்ட்டாக இறங்கும். திருகு மறுபடி வசப்படும்.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் மாட்ட ஆசை வந்தால் மட்டும் நிறுத்தி யோசியுங்கள். ஏசி-டிசி இரண்டிலும் ஓடும் வகையில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேஸிஸ் நேராக மெயின் கம்பியோடு சேர்ந்திருக்கும். அதன் பிக்-அப் ஓட்டையில் பையை மாட்டினால் பையும், அதைத் தொடும் கையும் 230 வோல்ட்டில் இருக்கும். தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் தொட வேண்டாம்.

எல்லாம் முடிந்து 'உர்ர்' என்று ஒரு ஹம்மிங் மிஞ்சினால், அடாப்டரைக் கழற்றிப் பையைப் பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஹம்மிங் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். ஆம்ப்பும் அடாப்டரும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இருக்கும்படி மாற்றுங்கள், அதிலும் போகாவிட்டால் வேறு அடாப்டர் போடுங்கள். பவர் பேங்கிலும் ஹம்மிங் இருந்தால் ஆர்சிஏ கேபிளை ஆம்ப் பக்கம் உருவிவிடுங்கள். அப்போதும் கேட்டால் ரிசீவருக்குச் சம்பந்தமே இல்லை; ஆம்ப்பின் ஃபில்டர் கெபாசிட்டருக்கு வயதாகிவிட்டது. கேபிளை உருவியதும் நின்றால் கேபிளின் கிரவுண்ட் முறிந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைக் கடைசியாக முயலுங்கள். ஹம்மிங்கை அது அடக்கும்தான், ஆனால் உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தபேலாவின் அடிநாதத்தையும் கொஞ்சம் சேர்த்து விழுங்கிவிடும்.